அடைபட்ட வழியும் ஒரு சிறு குழாயும்

புற்றுநோய் முற்றிய ஒருவர்க்குச் சிறுநீர் நாளுக்கு நாள் குறைந்து வருமாயின், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் குடும்பத்தாரை நோக்கி ஒரு கேள்வி எழும். "சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் பாதை அடைபட்டிருக்கிறது. உள்ளே ஒரு குழாய் வைக்கலாம். உங்களுக்குச் சம்மதமா?" விடை சொல்லப் பல வேளைகளில் அரைமணி நேரங்கூடக் கிடைப்பதில்லை. மூத்த மகன் கலங்கிய கண்ணோடு தாளில் கையொப்பமிடுகிறார், அல்லது, "இனி எதற்கு டாக்டர் வேதனை?" என்று மறுத்துவிடுகிறார். இரண்டும் அன்பினால் செய்வனவே. எனினும் என்ன குழாய், எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதை அறியாமலே அம்முடிவு எடுக்கப்படுகிறது. படுக்கையில் இருப்பவரை எவரும் கேட்பதுமில்லை. அன்பு வாசகர்களே, இந்நிலை எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம். ஆகவே, அக்கையொப்பத்துக்கு முன்னர் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் நோக்குவோம்.

உடலில் அமைந்த வழி

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி இரு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் இரத்தத்தைத் தூய்மை செய்து, நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறுநீரைப் பிரிக்கின்றன. அந்நீரைக் கீழேயுள்ள சிறுநீர்ப்பைக்குக் கொண்டு சேர்ப்பவை இரண்டு மெல்லிய குழல்கள். இவற்றைச் சிறுநீர்க்குழல்கள் என்போம். ஒவ்வொன்றும் 25 முதல் 30 செ.மீ. நீளமுடையது, அகலமோ 3 அல்லது 4 மி.மீ. மட்டுமே. இக்குழலின் சுவர் தசையால் ஆனது. அது மேலிருந்து கீழாக அலை அலையாய்ச் சுருங்கி நீரைத் தள்ளுகிறது. அதனாலேதான் நாம் படுத்திருக்கும்போதும் சிறுநீர் தன் வழியே சென்றுகொண்டிருக்கிறது.

இவ்வளவு மென்மையான குழலை அழுத்தி நசுக்குவது ஒரு கட்டிக்கு எளிது. பெண்களுக்குக் கருப்பை வாயின் பக்கத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. தொலைவிலேயே சிறுநீர்க்குழல் செல்கிறது. ஆகவே கருப்பை வாய்ப் புற்றுநோய் பக்கவாட்டில் பரவும்போது முதலில் இடர்ப்படும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் சுரப்பி, மலக்குடல், சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களும் இவ்வாறு அழுத்தக்கூடும். இரைப்பையிலோ மார்பிலோ தோன்றிய நோய்கூட, வயிற்றின் பின்புறத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிச் சிறுநீர்க்குழலை நெரிப்பதுண்டு.

இவற்றுள் கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுக் குடும்பங்களை மிகுதியாக வாட்டுவது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வோராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இதனால் இறந்தனர். தடுப்பூசியாலும் உரிய காலப் பரிசோதனையாலும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய நோய் இது என்பதை எண்ணுகையில் நெஞ்சம் கனக்கிறது. இந்நோயில் சிறுநீர்க்குழல் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கியிருப்பின், அதனை மூன்றாம் நிலை எனக் கணக்கிடுவர்.

அடைப்பின் அடையாளங்கள்

ஒரு பக்கத்துக் குழல் மட்டும் மெல்ல மெல்ல அடைபடுமாயின் நோயாளிக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். மற்றொரு சிறுநீரகம் இருவர் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் ஒரு சிறுநீரகம் நீர்கோத்து வீங்கியிருப்பது வெளிப்படும். இரு பக்கமும் அடைபடும்போதுதான் இடர் பெருகுகிறது.

அப்பொழுது சிறுநீர் குறையும். சிலருக்கு அடியோடு நின்றுவிடும். காலும் முகமும் வீங்கும். உணவைக் கண்டாலே குமட்டும். விக்கல், உடல் அரிப்பு, மூச்சுத்திணறல், ஓயாத தூக்கக் கலக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரத்தத்தைச் சோதித்தால், வழக்கமாக ஒன்றையொட்டி இருக்கும் கிரியேட்டினின் அளவு பலமடங்கு உயர்ந்திருக்கும். பொட்டாசியம் என்ற உப்பும் ஏறும். இது மிகுந்தால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதால், மருத்துவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் இதைக் குறித்தே.

அடைபட்ட இடத்தில் கிருமியும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடியது. தேங்கிய நீர் சீழாகி, நடுக்கத்தோடு காய்ச்சல் காணும். மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. தேங்கியது வெளியேறியாக வேண்டும். இத்தகைய நோயாளிக்கு நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராது அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் பலருக்கும் எழுவதுண்டு. "சிறுநீர்ப்பையில்தான் ஏற்கெனவே டியூப் போட்டுப் பை மாட்டியிருக்கிறார்களே, இன்னொரு குழாய் எதற்கு?" என்பர். பையில் மாட்டிய டியூப், சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்ந்த நீரைத்தான் வெளியேற்றும். நீர் சிறுநீர்ப்பைக்கே வந்து சேரவில்லையெனில் அது என்ன செய்யும்? ஊற்றுக்கண் தூர்ந்துபோன கிணற்றில் வாளியை மாற்றி என்ன பயன்? அடைப்பு மேலே இருக்கிறது. வழியும் மேலேயே அமைக்கப்பட வேண்டும்.

இருவகைக் குழாய்கள்

1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லர்ட் குட்வின் என்ற மருத்துவரும் அவருடைய துணைவரும், முதுகுப்புறத் தோலின் வழியே ஊசியைச் செலுத்தி, வீங்கிய சிறுநீரகத்திலிருந்து நீரை நேரே வெளியே வடிக்கும் முறையை விளக்கி எழுதினர். 1967இல் சிம்ஸ்கைன்ட் என்ற மருத்துவரும் அவரைச் சேர்ந்தோரும், வயிற்றைக் கீறாமலே, சிறுநீர்ப்பையினுள் பார்க்கும் கருவியின் வழியே சிலிக்கோன் குழாயைச் சிறுநீர்க்குழலுக்குள் ஏற்றி வைக்கலாம் என்று காட்டினர். ஆனால் நேரான அக்குழாய் இடம்பெயர்ந்து நழுவிவிடும். 1978இல் ராய் ஃபின்னி என்பவர் இதற்கு எளியதொரு தீர்வைத் தந்தார். குழாயின் இரு முனைகளையும் ஆங்கில 'ஜே' எழுத்தைப் போல வளைத்துவிட்டார். மேல் வளைவு சிறுநீரகத்திலும் கீழ் வளைவு சிறுநீர்ப்பையிலும் மாட்டிக்கொள்ள, குழாய் நடுவே நிலைத்து நின்றது. இன்று நம் மருத்துவமனைகளில் 'டி.ஜே. ஸ்டென்ட்' என்று சொல்லப்படுவது இதுவே. ஸ்டென்ட் என்ற சொல்லோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல் அச்செடுக்கும் பசையொன்றைச் செய்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற இலண்டன் பல் மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

டி.ஜே. குழாய் ஏறத்தாழ 2 மி.மீ. பருமனும், பெரியவர்க்கு 24 முதல் 26 செ.மீ. நீளமும் கொண்டது. அதன் உடலெங்கும் சிறு துளைகள் உண்டு. பெரும்பாலும் முதுகில் மரத்துப்போகும் ஊசியிட்டோ, மயக்கமருந்து கொடுத்தோ இதனை வைப்பார்கள். சிறுநீர்த் துவாரத்தின் வழியே ஒளிக்கருவியைச் செலுத்தி, முதலில் மெல்லிய கம்பியொன்றை அடைப்பைத் தாண்டி மேலே ஏற்றி, அக்கம்பியின்மேல் குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரே திரையில் பார்த்தவாறே இடத்தில் நிறுத்திக் கம்பியை உருவிவிடுவர். வெளியே காயமில்லை, தையலில்லை, மாட்டித் திரியப் பையுமில்லை. இதுவே இதன் பெருஞ்சிறப்பு.

ஆயினும், புற்றுநோய்க் கட்டி வெளியிலிருந்து நெரிக்கும்போது டி.ஜே. குழாய் எப்பொழுதும் வெற்றி பெறுவதில்லை. கல் அடைப்புக்கு வைக்கும்போது நீர் குழாயின் உள்ளே மட்டுமன்றி, குழாய்க்கும் குழலுக்கும் இடையேயும் வழிந்து இறங்கும். கட்டி சுற்றிலும் இறுக்குங்கால் அவ்விடைவெளி இல்லாமற் போகிறது. குழலின் அலையசைவும் நின்றுபோகிறது. நீரனைத்தும் குழாயின் சிறு துளையை நம்பியே இறங்க வேண்டும். கட்டி மேலும் வளர்ந்தால் அக்குழாயும் நசுங்கும். வெளி அழுத்தத்துக்காக வைக்கப்பட்ட குழாய்கள் பாதிக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளில் நாளடைவில் பயனற்றுப்போவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இரண்டு குழாய்களை அடுத்தடுத்து ஒரே குழலில் வைத்தும், உலோகத்தாலான குழாயை வைத்தும் சில மருத்துவர்கள் இதனை ஈடுசெய்ய முயல்வர்.

கீழிருந்து குழாய் ஏறவில்லையெனில் குட்வின் காட்டிய வழி இருக்கிறது. நோயாளியைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, ஸ்கேன் துணையோடு சிறுநீரகத்துக்குள் நேரே குழாயிட்டு, வெளியே ஒரு பையை இணைப்பர். 'பி.சி.என்.' என்று மருத்துவமனையில் இதனைச் சொல்வார்கள். மிகவும் நலிந்தவர்க்கும், கிருமி சேர்ந்து காய்ச்சலில் கிடப்பவர்க்கும் இது பல வேளைகளில் ஏற்றது. நீரும் உறுதியாக வடியும். ஆனால் பை எப்பொழுதும் உடனிருக்கும். மல்லாந்து படுப்பதும் குளிப்பதும் கடினமாகும். குழாய் தற்செயலாக இழுபட்டு வெளியே வந்துவிடவுங்கூடும்.

எவ்வழியில் அடைப்பு நீங்கினும், முதல் ஓரிரு நாள் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டும். அணை திறந்தாற்போலச் சிறுநீர் லிட்டர் கணக்கில் வெளியேறலாம். அதனோடு உடலின் உப்புகளும் போகும். "நன்றாகப் போகிறதே!" என்று மகிழ்ந்து உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படலாகாது.

குழாயோடு வாழ்தல்

டி.ஜே. குழாய் வைத்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஏதேனுமொரு தொல்லையைச் சொல்கின்றனர். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், அடக்க இயலாது. கழிக்கும்போது இடுப்பின் பக்கம் மேல்நோக்கி வலி ஓடும். சிறுநீர் பின்னோக்கி ஏறுவதால் இது நேர்கிறது. நடந்தாலோ வண்டியில் குலுங்கினாலோ சிறுநீர் சற்றுச் சிவந்து காணும். இவற்றுக்கு மாத்திரைகள் உண்டு; மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "குழாய் இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று நாமே முடிவு செய்து, நோயாளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது முறையன்று.

மற்றொன்று மிக முக்கியமானது. பிளாஸ்டிக் குழாய் நிலையானதன்று. அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகும்; கிருமி குடியேறும். ஆதலால் மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் அதனை மாற்ற வேண்டும். உலோகக் குழாய்கள் சிலவற்றை ஓராண்டு வரை விட்டுவைப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் குழாய் இருப்பதையே மறந்துவிட்டு, ஓராண்டும் ஈராண்டும் கழித்து, கல்போல் இறுகிய குழாயோடு மருத்துவமனைக்கு வருவோர் உளர். அதனை எடுப்பதற்குப் பெரிய அறுவையே தேவைப்படலாம். ஆகவே, எந்தப் பக்கம், எந்தத் தேதியில் வைத்தார்கள், எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அத்தேதியை வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்குமா என்பதையும் முதல் நாளே கேட்டறிவது நலம்.

ஒரே குழாய், இருவேறு நிலைகள்

இனி நாம் கருதவேண்டிய முதன்மையான செய்திக்கு வருவோம். குழாய் அடைப்பை நீக்கும், புற்றுநோயை நீக்காது. ஆகவே குழாயின் பயன், அது தரும் நாட்களைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. இரண்டு நோயாளிகளை மனத்தில் உருவகித்துப் பார்ப்போம்.

ஐம்பது வயதுடைய ஒரு தாய். கருப்பை வாய்ப் புற்றுநோய் இப்பொழுதுதான் கண்டறியப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் அடைபட்டுக் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. நோய் இடுப்புக்கு வெளியே பரவவில்லை. இவருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் நோய் குணமாகவும் வாய்ப்புண்டு. ஆனால் இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சிறுநீரகம் ஓரளவு நன்றாக இயங்கினால்தான் கொடுக்க இயலும். இங்கே குழாய், சிகிச்சைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. "கிட்னியே போய்விட்டது, இனி எதற்கு?" என்று இத்தாயை வீட்டுக்கு அழைத்துப் போவது, காக்கக்கூடிய உயிரைக் கைவிடுவதாகும்.

எழுபது வயதுடைய ஒரு தந்தை. இரைப்பைப் புற்றுநோய் ஈரலுக்கும் வயிற்றறைக்கும் பரவிவிட்டது. கொடுக்கக்கூடிய மருந்துகளெல்லாம் கொடுத்தாகிவிட்டன. உடல் எலும்பும் தோலுமாகி, பகலில் பெரும்பகுதி படுக்கையிலேயே கழிகிறது. இப்பொழுது சிறுநீரும் அடைபட்டிருக்கிறது. புற்றுநோயால் சிறுநீர்க்குழல் அடைபட்டோர், குழாய் வைத்த பின்னும் நடுத்தரமாக மூன்று முதல் ஏழு மாதங்களே வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தந்தையைப் போல மிக நலிந்தவர்க்கு அது வாரக் கணக்காகவும் குறையலாம். அவ்வாரங்களில் சில நாட்கள் மருத்துவமனைப் படுக்கையிலும், சில நாட்கள் குழாய் தரும் தொல்லையிலும் கழியும். சிறுநீரகம் அடங்கி வரும் முடிவு பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தோடு மெல்ல வருவது. அதனை விலக்கி வைத்தால், கட்டி தரும் வலியோ குடலடைப்போ பின்னர் முடிவாக வந்து நிற்கக்கூடும். இங்கே குழாய் வேண்டியதில்லை என்று முடிவு செய்வதில் குற்றமொன்றுமில்லை.

இவ்விருவருக்கும் இடைப்பட்டோரே மிகுதி. அடுத்த மாதம் மகளின் திருமணம் இருக்கலாம். துபாயில் வேலை செய்யும் மகன் வந்து சேரப் பத்து நாட்கள் ஆகலாம். தீர்க்காத கடனோ, பாகம் பிரிக்காத நிலமோ, பல்லாண்டாகப் பேசாதிருக்கும் உடன்பிறந்தாரோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு மாதம் என்பது ஓர் உலகம். மருத்துவ நூலின் கணக்கு அதனை அளக்காது. அதனை அளக்க வல்லவர் நோயாளி ஒருவரே.

யாரைக் கேட்பது?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புற்றுநோய் என்ற சொல் நோயாளியின் காதில் விழலாகாது என்று எல்லோரும் கூடி ஒளிப்போம். "வயிற்றில் புண் என்று சொல்லியிருக்கிறோம் டாக்டர், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்" என்று மருத்துவரையும் அதில் சேர்த்துக்கொள்வோம். தாங்கமாட்டாரே என்ற பரிவினால் விளைவது இது. ஆனால் குழாய்க்கான முடிவு வரும்போது இவ்வொளிப்பு நம் கையைக் கட்டிவிடுகிறது. நோயே தெரியாதவரிடம் நாட்களைப் பற்றி எவ்வாறு கேட்பது? ஆதலின் மகன்கள் தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்கிறார்கள். குழாயை உடலில் சுமக்கப்போகும் தாய், "என்னமோ டியூப் வைக்கணுமாம்" என்ற அளவோடு நின்றுவிடுகிறார்.

அவருக்குத் தெரியாது என்று நாம் எண்ணுவதும் பெரும்பாலும் உண்மையாவதில்லை. பல மாதங்களாகத் தம் உடல் உருகுவதை அவர் உணர்கிறார். நம் முகங்களைப் படிக்கிறார். நாம் வருந்துவோமே என்று அவரும் தெரியாதவர்போல் நடிக்கிறார். ஒரே வீட்டில் இரு பக்கமும் நடிப்பு. நடுவே, பேசவேண்டியவை பேசப்படாமலே போகின்றன.

ஒரே நாளில் அனைத்தையும் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் வேகத்தில் சொன்னால் போதும். அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, சிறுநீர் இறங்குகிற வழி அடைத்திருக்கிறதாம். குழாய் வைத்தால் கொஞ்சம் தெளிவாக இருப்பாயாம்; ஆனால் நோய் அப்படியேதான் இருக்கும். உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். சிலர், "நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி" என்பர். அதுவும் ஒரு விடையே. அவர் நம்மை நம்பித் தந்த உரிமை அது. சிலர், "சின்னவன் வரும் வரைக்கும் வையுங்கள்" என்பர். சிலர், "என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பர். எவ்விடையாயினும் அதன்பின் குடும்பத்தின் நெஞ்சில் ஐயம் இராது. "நாம் செய்தது சரிதானா?" என்று ஆண்டுக்கணக்கில் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் மகன்களையும் மகள்களையும் நாம் அறிவோம் அன்றோ?

ஆனால் ஒரு எச்சரிக்கை: கிரியேட்டினின் மிகவும் ஏறி அறிவு கலங்கிய பின் கேட்டுப் பயனில்லை. ஸ்கேனில் ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று முதன்முதல் தெரியும் நாளே இதனைப் பேசத் தக்க நாள்.

திருச்சபை காட்டும் நெறி

"வைக்கக்கூடிய குழாயை வேண்டாமென்றால் உயிரைப் போக்கிய பாவம் சேருமோ?" என்று அஞ்சும் உள்ளங்கள் பல. இவ்வச்சத்துக்குத் திருச்சபை தெளிவான விடை தந்திருக்கிறது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24ஆம் நாள் மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசுகையில், உயிரைப் பேணும் கடமை நமக்குண்டு எனினும், அக்கடமை இடம், காலம், சூழ்நிலை ஆகியவற்றுக்கேற்ற வழக்கமான வழிகளையே நம்மிடம் கோருகிறது என்று விளக்கினார். அதே ஆண்டு பிப்ரவரித் திங்களில், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுக்கப்படும் மருந்து, வேறு வழியில்லாதபோது, ஆயுளைச் சிறிது குறைக்கக்கூடுமாயினும் ஏற்கத்தக்கதே என்றும் அவர் கூறியிருந்தார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே 5ஆம் நாள் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கை, அச்சிந்தனையை மேலும் தெளிவாக்கியது. கிடைக்கும் பயனுக்கு மிஞ்சிய சுமையைத் தரும் சிகிச்சையை மறுப்பது தற்கொலையாகாது என்று அது எடுத்துக்காட்டியது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனையே உறுதிசெய்து, அம்முடிவை, இயலுமாயின் நோயாளியே எடுக்க வேண்டும் என்கிறது.

ஆகவே, உயிரைப் போக்கும் நோக்கத்தோடு செய்யும் செயல் வேறு; பயனினும் சுமை மிகுந்த சிகிச்சையை விட்டுவிட்டு, இயற்கையாக வரும் முடிவை ஏற்பது வேறு. முன்சொன்ன தாய்க்கு அக்குழாய் வழக்கமான வழி. அத்தந்தைக்கு அதே குழாய் அளவுக்கு மிஞ்சிய சுமையாகலாம். குழாய் ஒன்றே, நிலை வேறு.

குழாய் வேண்டாமெனில்

குழாய் வேண்டாம் என்று முடிவு செய்தால் மருத்துவமே முடிந்துவிட்டது என்று கருதுவது பெரும்பிழை. அப்பொழுதுதான் கவனிப்பு மிகுதியாக வேண்டும். குமட்டலுக்கு மருந்துண்டு, விக்கலுக்கும் அரிப்புக்கும் உண்டு, மூச்சுத்திணறலுக்கும் கலக்கத்துக்கும் உண்டு. வாய் உலராதவாறு ஈரத்துணியால் நனைத்துவிடுதல், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், அருகிலிருந்து பேசுதல் ஆகியவை வீட்டாரின் பங்கு. விரும்பினால் ஒரு வாய் கஞ்சி; வேண்டாமென்றால் வற்புறுத்தலாகாது.

வலிக்கு மார்ஃபின் பயன்படுவதுண்டு. சிறுநீரகம் அடங்கும்போது அம்மருந்தின் கழிவுகள் உடலில் தேங்கிக் கலக்கத்தையும் தசைத் துடிப்பையும் தரும். ஆகவே அளவைக் குறைப்பதா, ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பழைய சீட்டைக்கொண்டு பழைய அளவையே நாமாகத் தொடரக்கூடாது. இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த சட்டச் சிக்கல்கள் 2014ஆம் ஆண்டின் திருத்தத்தால் தளர்த்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலிதணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதுபற்றி விசாரியுங்கள். நோயிற்பூசுதலையும் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடாமல், நோயாளி நினைவோடிருக்கையில் பங்குத்தந்தையை அழைப்பது நன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

தாளில் கையொப்பமிடுமுன் இவ்வைந்து கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இதற்குச் சினங்கொள்ளார்.

1. குழாய் வைத்தபின் புற்றுநோய்க்கு வேறு சிகிச்சை கொடுக்க முடியுமா?

2. குழாய் வைத்தால் எவ்வளவு காலம் எதிர்பார்க்கலாம்? வைக்காவிட்டால் எவ்வளவு?

3. உள்ளே வைக்கும் குழாயா, முதுகில் பையோடு கூடியதா? இவர் உடல்நிலைக்கு எது தகும்?

4. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எங்கே? என்ன செலவு?

5. குழாய் பயன்தராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? அப்பொழுது நிறுத்திக்கொள்ள எங்களுக்கு உரிமையுண்டா?

ஐந்தாம் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. தொடங்கிய சிகிச்சையை நிறுத்தவே கூடாது என்று எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. மாற்ற வேண்டிய காலம் வரும் ஒவ்வொரு முறையும் இம்முடிவைப் புதிதாக எடுக்கலாம். முதல் குழாய் மகன் வந்து சேரும் வரை உதவியிருக்கலாம். இரண்டாவது தேவையின்றிப் போகலாம்.

இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் தாழ்வாரத்திலேயே நின்றுவிடாதீர்கள். அறைக்குள் சென்று, படுக்கையின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். ஆறாவது கேள்வியை அங்கே கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள்.